சம்பந்தி வெட்டாமல் விட்ட புல்

சம்பந்தி,

இன்று காலை உங்கள் குடையை விரித்தேன். காரின் பின்பக்கத்தில், ஸ்பேர் டயருக்கும் என் பழைய சிலிப்பருக்கும் நடுவில் அது மடங்கிக் கிடந்தது. விரித்ததும் காய்ந்த புல்விதைகள் என் தலையில் கொட்டின. கூடவே உங்கள் சமையலறை வாசமும் வந்தது. தாளித்த கருவேப்பிலை, கொஞ்சம் சாம்பிராணி, அடியில் லேசாகப் பூஞ்சை. குடைக்கு எப்படிக் கருவேப்பிலை வாசம் வரும் என்று யாராவது கேட்டால் சிரிப்பேன். அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் குடையை மாட்டி வைக்கிற வீடு எனக்குத் தெரிந்து உங்கள் வீடு ஒன்றுதான்.

செகிஞ்சான் ஊர் அரிசிக் கடையில் இலவசமாகக் கொடுத்த வெள்ளைக் குடை. கடையின் பெயர் வெளுத்துப்போய், அரிசி மூட்டைப் படம் மட்டும் அரைகுறையாகத் தெரிகிறது. ஒரு கம்பி வளைந்திருக்கிறது. உங்கள் மகள் இதை என் கையில் கொடுத்தபோது, "அத்தை, புதுசா ஒன்னு வாங்கித் தரேன் லா, இது எதுக்கு உங்களுக்கு?" என்றாள். இதுவே போதும் என்று வாங்கிக்கொண்டேன். காரணம் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியுமே.

நாம் முதலில் சந்தித்தது உங்கள் மகளுக்கும் என் மகனுக்கும் நிச்சயம் நடந்த அன்று. சுங்கை சோவிலிருந்து மூன்று கார்களில் உங்கள் சுங்கை புரோங் வீட்டுக்கு வந்து இறங்கினோம். தாம்பூலம் மாற்றி முடித்து எல்லாரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில் நான் கை கழுவ உங்கள் கொல்லைப்புறம் வந்தேன். வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். முழங்கால் உயரத்துக்குப் புல். வேலிக்கு அந்தப் பக்கம் வயலுக்குப் போகும் வாய்க்கால். கருவேப்பிலை மரத்தடியில் பழைய சிமெண்டுத் தொட்டி. ஒவ்வொரு புல் நுனியிலும் ஒரு சிவப்புத் தட்டான், இறகெல்லாம் செங்கல் நிறத்தில், நுனி மட்டும் கண்ணாடியாக. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தேன். திரும்பினால் நீங்கள் துண்டோடு நின்றீர்கள். உங்கள் முகம் சரியில்லை.

அந்த முகத்துக்கு என்ன அர்த்தம் என்று வெகுநாள் கழித்துத்தான் சொன்னீர்கள். மாப்பிள்ளையின் அம்மா, விருந்துக்கு வந்த இடத்தில், சோற்றைக் கூடத் தொடாமல் கொல்லைப்புறத்துப் புல்லையே உற்றுப் பார்க்கிறாள். குறை கண்டுபிடிக்கிறாள் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பீர்கள்?

நானாவது வாயைத் திறந்து விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். மகனிடம் மட்டும் சொன்னேன், கல்யாணம் முடிந்ததும் ஒருநாள் கேமராவோடு உங்கள் வீட்டுக்குப் போகவேண்டும் என்று. அவன் உங்கள் மகளிடம் சொன்னான். அவள் உங்களிடம் சொன்னாள். ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் உதிர்ந்து, உங்கள் காதுக்கு வந்தபோது, "அத்தை நம்ம வீட்டுக் கொல்லையைப் படம் எடுக்க வராங்களாம்" என்று மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு வலிக்கச் சிரிக்கிறேன். வாசலிலேயே வெட்டிய புல் வாசமும் பெட்ரோல் வாசமும் வந்தன. கொல்லைப்புறம் நாவிதர் கடையிலிருந்து எழுந்து வந்த மாதிரி இருந்தது. செம்பருத்தியைச் சதுரமாக வெட்டியிருந்தீர்கள். மரத்தடிகளுக்குச் சுண்ணாம்பு. தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா வைத்திருந்தீர்கள். அண்ணன், உங்கள் வீட்டுக்காரர், புல் வெட்டும் மெசினைத் தோளிலிருந்து இறக்காமலே பெருமையாகச் சொன்னார், "சுத்தமா அடிச்சிட்டேன் சம்பந்தி. ஒரு பூச்சி பொட்டு இருக்காது, பாத்துக்குங்க."

முதலுக்கே மோசம். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம், உங்களுக்குத் தெரியும். "அண்ணே, நான் அந்தப் பூச்சியைப் படம் எடுக்கத்தான் வந்தேன்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன்.

மெசினிலிருந்து எண்ணெய் சொட்டுகிற சத்தம் கேட்டது. நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள், "பூச்சியையா?" என்று. உங்கள் முகம் வெளுத்துப்போயிருந்தது. பட்டிக்காட்டில் பெண் எடுத்த பட்டணத்துச் சம்பந்தி பைத்தியம் என்று நினைக்கிறீர்கள் போலும் என்று எடுத்துக்கொண்டேன். சுங்கை சோ என்ன பட்டணமா, அது வேறு விஷயம். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது ஒரு கட்டெறும்பு. சுண்ணாம்பில் கால் ஒட்டிக்கொண்டு தவித்த அதைப் படம் எடுத்துவிட்டு, குச்சியால் விடுவித்துவிட்டு, உங்கள் அதிரசத்தைத் தின்றுவிட்டு வீடு திரும்பினேன்.

எனக்கு இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று பிற்பாடு உங்களிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பதுதான் என் வேலை. ஓய்வு பெறும்வரை மனிதர்களின் உள்ளே இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவள். என் வீட்டுக்காரர் போன பிறகு வீட்டில் பார்க்க ஒன்றுமில்லாமல் போயிற்று. மகன் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்து, கிட்டத்தில் எடுக்கிற லென்சும் சேர்த்துக் கொடுத்தான். மேல்மாடி வீட்டில் பூச்சட்டியில் உட்கார்ந்த ஓர் ஈயைத்தான் முதலில் எடுத்தேன். அந்த ஈயின் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்த அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அவ்வளவுதான் கதை.

இரண்டாவது முறை வர எனக்கு விருப்பமே இல்லை. உங்கள் மகள்தான், "அம்மா உங்களைக் கண்டிப்பா வரச் சொன்னாங்க அத்தை" என்று பிடிவாதமாக அழைத்து வந்தாள். வந்து பார்த்தால், கருவேப்பிலை மரத்திலிருந்து வாய்க்கால் வேலிவரை ஒரு துண்டு நிலத்தில் மட்டும் புல் வளர்ந்து நின்றது. மற்ற இடமெல்லாம் அண்ணனின் மெசின் வழக்கம்போல் மழித்துவைத்திருந்தது. தொட்டி நிமிர்ந்திருந்தது, அதில் தண்ணீர் இருந்தது. ஊசித்தட்டான்கள்கூட வந்துவிட்டன. அண்ணன் வருத்தத்தோடு சொன்னார், "உங்க சம்பந்தி இந்தப் பக்கம் மெசினைக் கொண்டு வரக்கூடாதுன்னு கோடு போட்டுட்டா. பாம்பு வந்தா யாரு பதில் சொல்றது?"

நான் புல்லுக்குள் மண்டியிட்டேன். அன்று எடுத்த படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. தட்டானை நெருங்குவதற்கு ஒரு வழி இருக்கிறது. துரத்தக்கூடாது. அது எழுந்து பறந்தாலும் பெரும்பாலும் உட்கார்ந்த குச்சிக்கே திரும்பி வரும். குச்சிக்குப் பக்கத்தில் நாம் முன்கூட்டியே போய் அசையாமல் இருந்துவிட்டால் போதும். நமது நிழல் மட்டும் அதன்மேல் சட்டென்று விழக்கூடாது. ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் நான் அதனிடமும் சொல்வேன், "அசையாதீங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க." பிடிக்கவேண்டியது என் மூச்சுத்தான்.

ஆனால் நீங்கள் வெளியே வரவில்லை. சமையலறைக் கொசுவலைக் கதவுக்குப் பின்னால் நின்றீர்கள். கோப்பியை அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். பலகாரத்தை என் மருமகள் கொண்டுவந்தாள். இடையிடையே உங்கள் குரல் மட்டும் வலைக்குள்ளிருந்து வரும்.

"போயிருச்சா சம்பந்தி?"

"எது?"

"அதான். அந்தப் பூச்சி."

"போயிருச்சு, வாங்க."

நீங்கள் வரமாட்டீர்கள். அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கடுத்த முறையும். எனக்கு மனசில் சுருக்கென்றது. பெண்ணைக் கொடுத்த இடம் என்பதால் புல்லை வளர்த்து வைத்து மரியாதை காட்டுகிறார்கள், ஆனால் கூட நின்று ஒரு வார்த்தை பேச மனசில்லை என்று நினைத்தேன். வீடு திரும்பும் வழியில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தபோது மகனிடம் சொல்லியே விட்டேன், "எனக்குப் பயந்துகிட்டு ஒருத்தங்க வீட்டுல எனக்காகக் காட்டை வளர்க்கிறது எனக்குப் பிடிக்கலைப்பா. இனிமே வரல." அவன் ரேடியோவைச் சத்தமாக வைத்தான். மாமியாருக்கும் அம்மாவுக்கும் நடுவில் சிக்காமல் தப்பிக்க எந்த ஆண்பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனாலும் இன்னொரு முறை வந்தேன். லென்சின் மூடியை உங்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தேன். வந்ததுதான் வந்தோம் என்று புல்லுக்குள் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் கொசு ஒழிப்பு ஆட்கள் வந்தார்கள். அண்ணன் கடைக்குப் போயிருந்தார். சுகாதார இலாகாச் சட்டை போட்ட இரண்டு பேர் பூச்சட்டி, வாளி, பழைய டயர் என்று பார்த்துக்கொண்டே வந்து தொட்டிக்கு முன்னால் நின்றார்கள். தேங்கிய தண்ணீர். அபராதம் எழுதுவார்கள், இல்லாவிட்டால் மருந்துப் பொடியைக் கொட்டிவிட்டுப் போவார்கள் என்று எனக்குத் திக்கென்றது. அது உங்கள் வீடு. நான் எழுந்து பேசலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வலைக்கதவு படீரென்று திறந்தது. நீங்கள் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்து தொட்டிக்கு முன்னால் நின்றீர்கள். சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு மலாயில் சடசடவென்று பேசினீர்கள். இதில் கொசுப் புழு இல்லை, இருப்பது தட்டான் குஞ்சு, அது கொசுப் புழுவைத் தின்றுவிடும், வேண்டுமானால் அள்ளிப் பாருங்கள் என்றீர்கள். அவர்களில் ஒருவர் நிஜமாகவே கரண்டி போட்ட குச்சியால் அள்ளிப் பார்த்தார். ஒரு கொசுப் புழு இல்லை. சேற்று நிறத்தில் ஒரு தட்டான் குஞ்சு மட்டும் கரண்டியில் நெளிந்தது. அவர் சிரித்துவிட்டு அதைத் திரும்பத் தண்ணீரில் விட்டார். "போலே லா, மாக்சிக்" என்றார், சரிதான் அம்மா என்று.

அவர்கள் வாசலைத் தாண்டியதும்தான் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரிந்தது. உங்கள் முழங்கைக்குப் பக்கத்துக் குச்சியில் ஒரு சிவப்புத் தட்டான் வந்து உட்கார்ந்தது. நீங்கள் போட்ட கூச்சலில் வாய்க்கால் கொக்கு எழுந்து பறந்தது. உள்ளே ஓடி, கதவைத் தாழிட்டுக்கொண்டு, அரிசி டின்மேல் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் பின்னாலேயே வந்து கதவைத் தட்டினேன்.

"சம்பந்தி, என்னாச்சு?"

"போயிருச்சா?"

"போயிருச்சு. கதவைத் தொறங்க."

திறந்தீர்கள். எக்ஸ்ரே அறையில் பயந்தவர்களை நான் நிறையப் பார்த்தவள். பயத்தை இன்னொரு தரம் தப்பாகப் படிக்கமாட்டேன் என்று அந்த நிமிடம் தோன்றியது. தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

"நான் உங்ககிட்ட ஒன்னு சொன்னா சிரிக்கக்கூடாது" என்றீர்கள். "மாப்பிள்ளைக்குத் தெரியக்கூடாது. என் மகளுக்கும் தெரியாது. அவங்க அப்பாவுக்கே தெரியாது."

"சொல்லுங்க."

"சின்னப் பிள்ளையில நான் பாயை நனைச்சிருவேன். பள்ளிக்கூடம் போற வயசுலகூட. எஸ்டேட் லயம் முழுக்கத் தெரியும். எங்கம்மா தினம் பாயைத் துவைச்சிப் போட்டா எல்லாருக்கும் தெரியாதா? பக்கத்துல மலாய்க்காரங்க கம்பத்துல ஒரு மாக்சிக் இருந்தாங்க. தொப்புள்ல தட்டானைக் கடிக்க விட்டா நின்னுரும்னு சொல்லிட்டாங்க. அவங்க பிள்ளைங்களுக்கெல்லாம் அப்படித்தான் நின்னுச்சாம். எங்கம்மா கையைப் புடிச்சிக்கிட்டாங்க, பெரியம்மா காலைப் புடிச்சிக்கிட்டாங்க. அந்த மாக்சிக் இதே மாதிரி செவப்புப் பூச்சியை ரெண்டு விரல்ல புடிச்சிக் கொண்டாந்தாங்க."

"ரொம்ப வலிச்சுதா?"

"வலி இல்ல சம்பந்தி. அதோட மூஞ்சி. கிட்டக்க வருது, கிட்டக்க வருது, கண்ணைத் தவிர அதுல ஒன்னுமே இல்ல. நான் என் கண்ணை மூடிக்கிட்டேன். வாயைப் பாக்கவே இல்ல. எதைக் கொண்டு கடிச்சிச்சின்னே இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கனவுல வரும் பாருங்க, ஒவ்வொரு தடவையும் வேற வேற வாயி."

"சரி, நின்னுச்சா?"

"நின்னுச்சு. பயத்துல தூக்கமே வரல, அப்புறம் எங்க நனைக்கிறது?"

சிரிக்கக்கூடாது என்றுதான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீங்களே முதலில் சிரித்துவிட்டீர்கள். பிறகு இரண்டு பேரும் அரிசி டின்னையும் கேஸ் அடுப்பையும் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். கொல்லையைப் படம் எடுக்க வருகிறாள் என்று எண்ணிச் சுண்ணாம்பு அடித்த கதையையும், நிச்சயத்தன்று நான் புல்லைக் குறை பார்த்ததாக நினைத்ததையும் அன்றுதான் சொன்னீர்கள். சிரிப்பு அடங்கியதும் எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது.

"இவ்வளவு பயத்தை வச்சிக்கிட்டு ஏன் புல்லை வளர விட்டீங்க?"

நீங்கள் அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, "நீங்க ஆசைப்பட்டீங்களே" என்றீர்கள்.

சம்பந்தி, பிள்ளை வீட்டாரிடம் எதையெல்லாம் மறைக்கவேண்டும் என்று நம் ஜனங்கள் ஒரு பட்டியலே மனசில் வைத்திருப்பார்கள். பெண்ணின் அம்மா பாயை நனைத்த கதை அந்தப் பட்டியலின் உச்சியில் இருக்கும். அதை நீங்கள் என் கையில் கொடுத்தீர்கள். அதற்கு முன்பு நீங்கள் எனக்கு என் மருமகளின் அம்மா. அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு ஒரு தோழி இருந்தாள். அந்த வயதில் அது லேசில் கிடைப்பதில்லை. அன்று அதே வழியில் அதே மாதிரி ஒரு லோரிக்குப் பின்னால் ஊர்ந்தேன், கோபமே வரவில்லை.

அதன் பிறகு எனக்கு ஒரே வேலைதான். உங்களுக்கு அந்த வாயைக் காட்டவேண்டும். தெரியாததுதான் கனவில் விதவிதமாக வருகிறது, தெரிந்துவிட்டால் ஒன்றோடு நின்றுவிடும் என்பது என் கட்சி. எக்ஸ்ரே படத்தைக் கையில் வாங்கிப் பார்த்ததும் பாதி நோயாளிகளின் முகம் தெளிந்துவிடுவதைப் பார்த்தவள் நான். நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள், படத்தில் மட்டும்தான் பார்ப்பேன் என்ற கண்டிப்போடு.

சுலபமாக இல்லை. தட்டான் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டுதான் இருக்கும். இரை பிடித்து வந்து மெல்லும்போதுதான் திறக்கும். அந்த நேரத்தில் முன்பக்கமாக, முகத்துக்கு நேராக இருக்கவேண்டும். கிட்டத்தில் எடுக்கும்போது மயிரிழை அகலத்துக்குத்தான் துல்லியம் இருக்கும், கண் தெளிவாக விழுந்தால் வாய் கலங்கும். நம்மூர் வெயில் வேறு. காலை பத்து மணி ஆனாலே பூச்சியின் முகமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பளபளத்து ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு வாரமும் நான் எடுத்துவந்ததை உங்கள் வீட்டு டிவியில் போட்டுக் காட்டுவேன். முதலில் வாலை மட்டும் பார்த்தீர்கள். பிறகு இறகு. "லேஸ் துணி மாதிரி இருக்கே" என்றீர்கள். கண் வந்தபோது தலையணையால் முகத்தை மூடிக்கொண்டு, அதன் ஓரத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தீர்கள். அண்ணன் தன் செய்தியைப் பார்க்க விடவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அவரும் உட்கார்ந்து பார்த்தார்.

பயப்படுகிறவர்களைப்போல் யாரும் கவனிப்பதில்லை என்பதை உங்களிடம்தான் கற்றேன். நான் வருவதற்கு முன்பே வலைக்கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்து வைத்திருப்பீர்கள். "வாங்க, பசியாறிட்டீங்களா?" என்று கேட்ட கையோடு, "தொட்டிக்கு இடது பக்கம், காஞ்ச குச்சி. வெயில் வந்ததும் அங்கதான் வரும். வேலிக்கிட்ட இருக்கிறது சண்டைக்காரன், அவன் யாரையும் விடமாட்டான்" என்பீர்கள். எல்லாம் சரியாக இருக்கும். கருவேப்பிலையில் பச்சைப் புழு இருந்தால், "அந்தக் கிளையை நான் பறிக்கல, உங்களுக்கு விட்டிருக்கேன்" என்பீர்கள். அன்றைக்கு ரசத்தில் கருவேப்பிலை குறைவாக இருக்கும்.

குடை வந்தது ஒரு நெருப்பு வெயில் நாளில். நான் காய்ந்த குச்சிக்கு முன்னால் மண்டியிட்டுக் கால் மரத்துப்போய்க் கிடந்தேன். பின்னால் சரசரவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் நீங்கள். அண்ணனின் மழைக்கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, காலில் வயல் பூட்ஸ், தலைக்கு இந்த வெள்ளைக் குடை. குடையை முன்பக்கமாகச் சாய்த்துக் கேடயம்போல் பிடித்துக்கொண்டு ஓர் அடி, நின்று ஓர் அடி என்று வந்தீர்கள்.

"வெயில்ல மயக்கம் போட்டு விழுந்துருவீங்க சம்பந்தி. மாப்பிள்ளைக்கு நான்தானே பதில் சொல்லணும்" என்றீர்கள் குடைக்குப் பின்னாலிருந்து.

நீங்கள் மெதுவாக வந்ததால் குடையின் நிழலும் மெதுவாக வந்தது. தட்டான் பறக்கவில்லை. அதன் முகத்திலிருந்த பளபளப்பெல்லாம் அடங்கி, வெள்ளைத் துணி வழியாக வெளிச்சம் பாலாய் இறங்கியது. இத்தனை வாரம் நான் தேடிய வெளிச்சம் உங்கள் அரிசிக் கடைக் குடைக்குள் இருந்திருக்கிறது.

"அப்படியே நில்லுங்க! அசையாதீங்க! மூச்சை இழுத்துப் பிடிங்க!"

"நானா, பூச்சியா?"

"ரெண்டு பேரும்!"

தட்டான் எழுந்தது. நீங்கள் "ஐயோ" என்றீர்கள், ஆனால் குடை அசையவில்லை. வளைந்த கம்பி நடுங்கியது, அவ்வளவுதான். அது ஒரு சின்ன ஈயைப் பிடித்துக்கொண்டு அதே குச்சிக்குத் திரும்பி வந்து, என்னைப் பார்த்து உட்கார்ந்து மென்றது. நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். முடித்துத் திரும்பியபோது நீங்கள் குடையைப் பிடித்தபடி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தீர்கள். உதடு மட்டும் "முருகா முருகா" என்றது.

டிவியில் அந்த முகம் சுவர் அளவுக்கு வந்தது. இரண்டு பெரிய கண்கள், நடுவில் சின்ன மீசைபோல இரண்டு மயிர், கீழே பக்கவாட்டில் திறந்த தாடை, அதிலிருந்து ஈயின் ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் தலையணையை எடுக்கவில்லை. எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் வாய்க்கு நேரே விரலை நீட்டினீர்கள்.

"இதா? இம்புட்டுத்தானா வாயி? இதுக்கா அந்தக் கத்துக் கத்தினேன்?" பிறகு விரலை எடுக்காமலே சொன்னீர்கள், "பாவம், சோறு திங்குது."

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "எப்ப கத்தின?" என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் அதிரசத்தை வாயில் போட்டுக்கொண்டேன்.

உங்கள் பயம் அன்றோடு போய்விட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். போகவில்லை. மறுவாரமே ஒன்று உங்கள் காதுக்குப் பக்கத்தில் பறந்தது, குடையைப் போட்டுவிட்டு ஓடினீர்கள், வலைக்கதவில் முட்டிக்கொண்டீர்கள். "படத்துல பயமில்ல சம்பந்தி. பறக்குறப்பதான்" என்றீர்கள். ஆனால் கனவு நின்றுவிட்டது என்று சொன்னீர்கள். எனக்கு அது போதும். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் மழைக்கோட்டும் பூட்சுமாகக் குடை பிடித்தீர்கள், பயத்தோடுதான் பிடித்தீர்கள். என்னுடைய நல்ல படங்கள் எல்லாமே உங்கள் குடைக்குக் கீழே எடுத்தவை. யார் பார்த்துப் பாராட்டினாலும், வெளிச்சம் என் சம்பந்தியுடையது என்று சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் தூக்கத்திலேயே போனீர்கள். காலையில் கோப்பி வாசம் வரவில்லையே என்று அண்ணன் எழுந்து பார்த்திருக்கிறார். அந்த நாளைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. நான் அழுதேன், நிறைய அழுதேன். இப்போது அழுகை அவ்வளவாக இல்லை.

சொல்லவேண்டியது பதினாறாம் நாளைப் பற்றி. காரியத்துக்கு ஜனம் வரும், வீட்டைச் சுத்தம் செய்யவேண்டும். முதல்நாளே உதவிக்கு வந்தேன். கார் கதவைத் திறந்ததும் கொல்லைப்புறத்தில் மெசின் சத்தம். வெட்டிய புல் வாசமும் பெட்ரோல் வாசமும். அண்ணனிடம் போய் நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? மனைவியைப் பறிகொடுத்த மனிதர், அவர் வீடு, அவர் புல். ஆனாலும் பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அண்ணன் வேலி ஓரம்வரை வெட்டிக்கொண்டு வந்திருந்தார். கருவேப்பிலை மரத்துக்கு நேராக மெசினை நிறுத்திவிட்டு நின்றார். அதற்கப்பால் புல் அப்படியே இருந்தது, தொட்டியும் நிறைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதை மட்டும் வெட்டக் கை வரல சம்பந்தி" என்றார். "அவளுக்குத் தட்டான்னா உசிரு. எப்பப் பாரு அந்த வலைக்கதவுல நின்னு அதையேதான் பாத்துக்கிட்டு இருப்பா. நான் இருக்கிற வரைக்கும் இது இப்படியே இருக்கட்டும்."

மறுநாள் வந்த ஜனத்திடம் உங்கள் மகளும் அதையேதான் சொன்னாள். "அம்மாவுக்குத் தட்டான்னா அப்படி ஒரு ஆசை. புல்லைத் தொட விடமாட்டாங்க, தொட்டியில கை வைக்க விடமாட்டாங்க. அத்தைக்கிட்ட கேளுங்க, அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்." எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் நீள நாக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியும், சம்பந்தி. "ஆமா, ரொம்ப ஆசை" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். சாம்பிராணிப் புகைக்கு நடுவில் படத்திலிருந்து நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், மீண்டும் சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது.

அவர்கள் நினைப்பதுபோல் நீங்கள் அதன்மேல் ஆசைப்பட்டிருந்தால் அந்தப் புல் ஒரு பொழுதுபோக்கு. யாரும் செய்வார்கள். நடுநடுங்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு ஒருத்தி இன்னொருத்தியின் ஆசைக்காகக் குடை பிடித்தாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். அதை நான் என்னோடு வைத்துக்கொள்கிறேன்.

இன்று காலை அந்தக் குடையோடு உங்கள் கொல்லைக்குப் போனேன். அண்ணன் கோப்பி கலந்து கொடுத்தார், சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தார். குடித்துவிட்டுப் புல்லுக்குள் இறங்கினேன். ஒரு கையில் குடையையும் மறுகையில் கேமராவையும் பிடித்துக்கொண்டு படம் எடுப்பது கஷ்டம், பாதி கலங்கிவிட்டது. தொட்டிக்கு இடது பக்கம், காய்ந்த குச்சியில், நீங்கள் சொன்ன நேரத்துக்கு ஒரு சிவப்புத் தட்டான் வந்து உட்கார்ந்தது. குடையை மெதுவாகச் சாய்த்தேன். பறக்கவில்லை.

வலைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருட்டு. பழக்கதோஷம், உங்கள் கேள்விக்காகக் காது தானாகத் திரும்பியது. நானும் பழக்கத்தில் பதிலைச் சொல்லிவிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

"இன்னும் போகல சம்பந்தி. இங்கதான் இருக்கு."